தவிர்த்திருக்கக்கூடிய புற்றுநோய் எத்தனை? டெல்டா மாவட்டங்களை வைத்துக் கணக்குப் போடுவது எப்படி

எங்கள் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, புகையிலையை எப்போதும் இடது கன்னத்தில்தான் அதக்கிக்கொள்வார். நடவு வயலில் இறங்குவதற்கு முன் வரப்பில் உட்கார்ந்து சுருக்குப்பையை அவிழ்ப்பார். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டு, முதுகில் சுண்ணாம்பைத் தடவி, நாலு சீவல், ஒரு துண்டுப் புகையிலை. மதியச் சோறு வரைக்கும் அதுதான். பசி தெரியாது, குனிந்த இடுப்பின் வலி தெரியாது என்பார். பல் போன பிறகு சின்ன இரும்பு உரலில் இடித்துப் போட்டுக்கொண்டார். புண் வந்ததும் அதே இடது கன்னத்தில். ஆறாத புண், அப்புறம் வாயைத் திறக்க முடியாமல் போனது, அப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்கக் கஞ்சித்தண்ணி. தை பிறப்பதற்குள் போய்விட்டார்.

அப்பாயிக்கு வந்தது புகையிலையால்தானா என்று கேட்டால், ஒரு தனி மனிதரைப் பற்றி நூற்றுக்கு நூறு அடித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். நம் பக்கத்தில் அப்பாயி மாதிரி 100 பேருக்கு வாய்ப்புற்று, அதாவது வாயில் புற்றுநோய், வந்திருக்கிறது. புகையிலையே இல்லாமல் இருந்திருந்தால் அந்த 100-ல் எத்தனை வந்திருக்காது? இதற்குக் கணக்கு இருக்கிறது. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

பொது சுகாதாரம் படிக்க வந்திருக்கும் பிள்ளைகள், கிராமத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்கள், மாவட்டச் செய்தி எழுதுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். படிக்கும்போது ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

வெளியூர் சதவீதத்தை அப்படியே எடுக்காதீர்கள்

இந்த வகைக் கணக்கு புதிதல்ல. அதற்கான எளிய சூத்திரத்தை அமெரிக்க ஆய்வாளர் மார்ட்டன் லெவின் 1953-ல் வெளியிட்டார். பிரிட்டன் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டால், ரிச்சர்ட் பீட்டோ இருவரும் 1981-ல் அமெரிக்கப் புற்றுநோய் மரணங்களை எடுத்து, ஏறக்குறைய 30 சதவீதம் புகையிலையால் என்று கணக்கிட்டார்கள். அதற்குப் பிறகு நாடு நாடாகப் போட்டாகிவிட்டது. பிரிட்டனில் 2015-ல் வந்த புற்றுநோய்களில் 37.7 சதவீதம் தவிர்க்கக்கூடிய காரணங்களோடு சேர்ந்தவை. அமெரிக்காவில் 2019-ல், 30 வயதுக்கு மேற்பட்டவர்களிடம், சுமார் 40 சதவீதம். உலகம் முழுவதும் 2019-ல் நேர்ந்த புற்றுநோய் மரணங்களில் 44.4 சதவீதம்.

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு, இந்த 40-ஐ எடுத்து நம் மாவட்ட எண்ணிக்கையோடு பெருக்கிவிடுவது. பிரிட்டனில் முதலிடம் சிகரெட், இரண்டாமிடம் உடல் பருமன். அங்கே கன்னத்தில் அதக்குபவர்கள் அபூர்வம். இங்கே நிலைமை வேறு. மெல்லும் புகையிலையாலும் பாக்காலும் 2022-ல் உலகெங்கும் வந்த வாய்ப்புற்று சுமார் 1,20,200 என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் 83,400 இந்தியாவில். இப்படிப்பட்ட நாட்டில் பிரிட்டன் சதவீதம் எதற்கு உதவும்? நம் வாய்க்கு நம் கணக்குத்தான் வேண்டும்.

கேள்வியைக் கட்டுவது

“டெல்டாவில் எத்தனை புற்றுநோயைத் தவிர்க்கலாம்?” என்று நோட்டில் எழுதிவிட்டு உடனே எண்களைத் தேடப் போகாதீர்கள். எந்த உறுப்பின் புற்று, எந்த மாவட்டங்கள், எந்த வருடம், புதிதாக நோய் வந்தவர்களா இறந்தவர்களா, எந்த வயது என்பதை முதலில் எழுதுங்கள். மேலே சொன்ன 37.7-ம் 44.4-ம் ஒன்றோடொன்று பொருந்தாததற்கு ஒரு காரணம், முன்னது புதிய நோயாளிகளையும் பின்னது மரணங்களையும் எண்ணுகிறது என்பதே.

மாவட்ட எல்லையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-ல் திருவாரூர் வந்தது, 2020 கடைசியில் நாகையிலிருந்து மயிலாடுதுறை தனியானது. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் மயிலாடுதுறையைத் தேடினால் கிடைக்காது, நாகைக்குள் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அப்படியே. அதனால் முதல் தடவை போடுபவர்கள் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை நான்கையும் ஒரே துண்டாக எடுத்துக்கொள்வது நல்லது. 2011-ல் இந்த நாலுக்கும் சேர்த்து சுமார் 53 லட்சம் பேர். காரைக்காலும் காவிரித் தண்ணீர் பாயும் ஊர்தான், ஆனால் அதன் கணக்கெல்லாம் புதுச்சேரியில் இருக்கும். சேர்த்தால் சேர்த்தது என்று எழுதிவிடுங்கள்.

அப்புறம், “தவிர்க்கக்கூடியது” என்று எதைச் சொல்கிறீர்கள்? வயதும் பரம்பரையும் சேராது. புகையிலை, பாக்கு, மது, உடல் பருமன், சில கிருமித் தொற்றுகள், அடுப்புப் புகை இவை சேரும். நடுவில் சில இருக்கின்றன. முதல் குழந்தையைத் தாமதமாகப் பெறுவது மார்பகப் புற்று ஆபத்தைச் சற்றுக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் ஒரு பெண் படித்து, வேலைக்குப் போய், முப்பதைத் தாண்டிப் பிள்ளை பெற்றதை “தவிர்க்கக்கூடிய ஆபத்து” என்று பட்டியலில் எழுத எனக்குக் கை வராது. பட்டியல் போடும்போதே நாம் ஒரு நியாயத்தையும் சேர்த்துச் சொல்கிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

நோயாளிகளை எண்ணுவது

சென்னையில் அடையாறு புற்றுநோய் மையம் 1981 முதல் மக்கள்தொகை அடிப்படையில் புற்றுநோய்ப் பதிவேடு நடத்துகிறது. 2012 முதல் மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் இருக்கிறது. உங்கள் எண்ணிக்கை இந்த வகைப் பதிவேட்டிலிருந்துதான் வரவேண்டும். ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் வெளிநோயாளி ரிஜிஸ்டரை வைத்து மாவட்டக் கணக்குப் போடாதீர்கள்.

காரணம் எளிது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அரியலூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வருகிறார்கள். சீர்காழிக்காரர் புதுச்சேரிக்குப் போகிறார், மன்னார்குடிக்காரர் திருச்சிக்குப் போகிறார், கையில் கொஞ்சம் காசு இருந்தால் சென்னைக்கு. பதிவேடு பார்ப்பது எங்கே வைத்தியம் என்பதை அல்ல, எங்கே குடியிருப்பு என்பதை. ஒரே நோயாளிக்கு மூன்று ஊரில் மூன்று கோப்பு இருக்கும். ஒன்றில் கணவர் பெயர் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் இனிஷியல், மூன்றாவதில் வயது ஐந்து கூட. அந்த மூன்றையும் ஒரே ஆள் என்று கண்டுபிடித்து ஒன்றாக்குவதுதான் பதிவேட்டுக்காரர்களின் உண்மையான உழைப்பு. நாம் மேசையில் உட்கார்ந்து போடும் கணக்குக்கு அடியில் அந்த உழைப்பு இருக்கிறது.

பழக்கம் எத்தனை பேருக்கு?

அடுத்து வேண்டியது, மக்களில் எத்தனை பங்கினருக்கு அந்தப் பழக்கம் என்ற எண். தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏதாவது ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துபவர்கள் 2009-10-ல் 16.2 சதவீதம், 2016-17-ல் 20 சதவீதம் என்கிறது பெரியவர்களின் புகையிலைப் பயன்பாட்டு ஆய்வு. அது மாநில அளவு மட்டுமே. மாவட்ட அளவு வேண்டுமென்றால் குடும்ப நல ஆய்வின் மாவட்டத் தாள்களைப் பாருங்கள், ஆண் பெண் தனித்தனியாகப் புகையிலையும் மதுவும் இருக்கும்.

நீங்களே கிராமத்தில் கேட்டுத் திரட்டுவதாக இருந்தால் கேள்வியின் சொல்லில் கவனம் வையுங்கள். “புகையிலை பயன்படுத்துறீங்களா?” என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் “சேச்சே, அதெல்லாம் இல்ல” என்பார்கள். “வெத்தலை போடுவீங்களா பெரியம்மா?” என்று கேளுங்கள், “அது போடாம எப்படிம்மா” என்று பதில் வரும். அப்புறம் “என்னென்ன சேப்பீங்க?” என்று கேட்டால் சீவல், சுண்ணாம்பு, புகையிலை என்று அவர்களே வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். எந்தக் கன்னம், ராத்திரி படுக்கும்போதும் வாயில் இருக்குமா என்பதுவரை கேளுங்கள். பள்ளிக்கூடத்துப் பையன்களிடம் கேள்வி வேறு: உதட்டுக்கடியில் வைக்கும் பாக்கெட். குட்காவும் புகையிலை கலந்த பான் மசாலாவும் 2013 முதல் தமிழ்நாட்டில் தடையில் இருப்பதால் சுலபத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று, காலம். புற்றுநோய் குறுவைப் பயிர் இல்லை, தென்னம்பிள்ளை மாதிரி. வைத்து வருடங்கள் கழித்துத்தான் காய்க்கும். இன்று வந்த நோய்க்கு இன்றைய பழக்கத்தைப் பொருத்தக் கூடாது. பிரிட்டன் கணக்குகளில் பெரும்பாலான காரணங்களுக்கு சுமார் 10 வருடம் பின்னால் போய்ப் பழக்கத்தை எடுத்தார்கள். 2025-ன் நோயாளிகளுக்குக் கணக்குப் போடுகிறீர்கள் என்றால் 2016-17 ஆய்வு சரியாக உட்காரும்.

எத்தனை மடங்கு ஆபத்து?

பழக்கம் இல்லாதவரை விடப் பழக்கம் உள்ளவருக்கு நோய் வர எத்தனை மடங்கு வாய்ப்பு என்பது மூன்றாவது எண். இதை நீங்கள் உண்டாக்க வேண்டாம், பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட தொகுப்பு ஆய்வுகளிலிருந்து எடுங்கள். முடிந்தவரை நம் மண்ணில் நடந்த ஆய்வு. வெற்றிலை-பாக்கு-புகையிலை சேர்த்து மெல்லுபவர்களுக்கு வாய்ப்புற்று வாய்ப்பு இந்தியத் துணைக்கண்டத்து ஆய்வுகளைத் தொகுத்தபோது சுமார் 7.7 மடங்கு வந்தது. புகையிலை இல்லாமல் வெற்றிலை-பாக்கு மட்டும் என்றால் சுமார் 2.5 மடங்கு. பீடிக்கு வாய்ப்புற்றில் சுமார் 3.1 மடங்கு.

இந்த 2.5 எங்கள் பக்கத்தில் பலரைத் திடுக்கிட வைக்கும். “நான் போயிலை போடறதில்ல, வெறும் பாக்குதான்” என்பவர்கள் நிறைய. பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் பாக்கையே, புகையிலை சேராத பாக்கையே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்துவிட்டது. வெற்றிலை மட்டும் தனியாக அந்த வகுப்பில் இல்லை. பாபநாசம், ராஜகிரிப் பக்கம் கொடிக்கால் வைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு நான் இதை அழுத்தமாகவே சொல்வதுண்டு. தாம்பூலத் தட்டு மரியாதைக்குரியது. இங்கே பேச்சு தினமும் பலமுறை வாயில் ஊறும் பாக்கையும் புகையிலையையும் பற்றியது.

கணக்கு

சரி, இப்போது போடுவோம். கீழே வரும் பழக்க எண்களும் நோயாளி எண்களும் பயிற்சிக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் மாவட்டத்து எண்ணை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

1,00,000 பெரியவர்கள் இருக்கிறார்கள். 10,000 பேர் புகையிலையோடு வெற்றிலை போடுபவர்கள், 90,000 பேர் போடாதவர்கள். போடாதவர்களிடம் வருடத்துக்கு லட்சத்துக்கு 10 பேர் என்ற கணக்கில் வாய்ப்புற்று வருகிறது என்றால் 90,000 பேரில் 9 பேர். போடுபவர்களிடம் 7.7 மடங்கு, அதாவது லட்சத்துக்கு 77. அப்படியானால் 10,000 பேரில் 7.7 பேர். மொத்தம் 16.7.

யாருமே போடாமல் இருந்திருந்தால்? 1,00,000 பேருக்கும் லட்சத்துக்கு 10, ஆக 10 பேர். 16.7-ல் 10 போக மிச்சம் 6.7. அதை 16.7-ஆல் வகுத்தால் 0.40. அதாவது 100 வாய்ப்புற்றில் 40.

லெவினின் சூத்திரம் இதைத்தான் ஒரு வரியில் செய்கிறது. பழக்கம் உள்ளோரின் பங்கு ‘ப’, மடங்கு ‘ம’ என்றால்:

காரணப் பங்கு = ப × (ம − 1) ÷ [1 + ப × (ம − 1)]

நம் எண்ணைப் போட்டால் 0.10 × 6.7 = 0.67. அதை 1.67-ஆல் வகுத்தால் 0.40. ஆங்கிலக் கட்டுரைகளில் பி.ஏ.எஃப். என்று பார்த்தால் அது இதுதான். ‘காரணப் பங்கு’ என்பது நான் வழக்கமாகச் சொல்லும் பெயர்.

மேலே உள்ள 16.7 நோயாளிகளில் வெற்றிலை போடுபவர்கள் 7.7 பேர், அதாவது 100-க்கு 46. ஆனால் காரணப் பங்கு 40 மட்டுமே. மிச்ச 6 பேர்? புகையிலை போட்டவர்கள்தான், ஆனால் போடாவிட்டாலும் அவர்கள் எண்ணிக்கைக்கு அந்த அளவு நோய் வந்தே இருக்கும். அந்த 46 பேரையும் வரிசையாக நிற்க வைத்தால் யார் அந்த 6, யார் இந்த 40 என்று எந்தப் பரிசோதனையாலும் பிரிக்க முடியாது. என் அப்பாயி எந்தப் பக்கம் என்று தெரியாது என்று தொடக்கத்தில் சொன்னதன் பொருள் இதுதான்.

இதிலிருந்தே இன்னொரு வழியும் கிடைக்கிறது. நோயாளிகளிடமே பழக்கத்தைக் கேட்டிருந்தால், நோயாளிகளில் பழக்கம் உள்ளோர் பங்கை (ம − 1) ÷ ம என்பதால் பெருக்குங்கள். 46 × 6.7 ÷ 7.7 = 40. அதே விடை. வயது, மது, பீடி இவற்றின் கலப்பை நீக்கித் திருத்திய மடங்குகளைப் பயன்படுத்தும்போது இந்த இரண்டாவது வழிதான் பிசகாது. வாய்ப்பு இருந்தால் இதையே பயன்படுத்துங்கள்.

‘ப’ எவ்வளவு முக்கியம் என்று ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். 10-க்குப் பதிலாக 5 சதவீதம் என்றால் விடை 25. 20 சதவீதம் என்றால் 57. வரப்பில் ஒரு பெரியம்மா “சேச்சே, இல்ல” என்று சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தால் விடை எவ்வளவு சரியும் பாருங்கள்.

இரண்டு மூன்று பழக்கம் சேர்ந்தால்

இன்னும் 10 சதவீதம் பேர் புகையிலை இல்லாமல் பாக்கு மட்டும் மெல்லுகிறார்கள் என்று வைப்போம், மடங்கு 2.5. முன் கணக்கில் அவர்களை ‘போடாதவர்கள்’ கூட்டத்தில் சேர்த்துவிட்டோம், அது தவறு. தனியாகப் பிரித்தால் புகையிலைக்கு 0.67, பாக்குக்கு 0.10 × 1.5 = 0.15, கூட்டினால் 0.82. அதை 1.82-ஆல் வகுத்தால் 45 சதவீதம். இதில் புகையிலைக்காரர்கள் பங்கு 37, பாக்குக்காரர்கள் பங்கு 8. ஒப்பிடும் கூட்டம் உண்மையிலேயே எதையும் மெல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்பதை இந்த ஒரு திருத்தம் காட்டிவிடும்.

பீடி வேறு சங்கதி, ஏனென்றால் பீடி குடிப்பவரும் வெற்றிலை போடுபவரும் ஒரே ஆளாக இருக்கலாம். 10 சதவீதம் பேர் பீடி, மடங்கு 3.1 என்றால் காரணப் பங்கு 17. மிதமாக மது குடிப்பவர்கள் 15 சதவீதம், வாய்ப்புற்றுக்கு மடங்கு 1.8 என்றால் மதுவுக்கு 11. மெல்லுவது 45, பீடி 17, மது 11, ஆகக் கூட்டினால் 73 என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். ஒரே நோயாளியை மூன்று தடவை காப்பாற்ற முடியாது. புகையிலை, மது, பருமன் என்று வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போனால் கூட்டல் சில புற்றுகளில் 100-ஐத் தாண்டிவிடும்.

மிச்சத்தைப் பெருக்குங்கள். மெல்லுவதை நீக்கினால் 100-ல் 55 மிச்சம். அந்த 55-ல் பீடியின் 17 சதவீதம் போனால் சுமார் 45. அதில் மதுவின் 11 சதவீதம் போனால் சுமார் 40. ஆக மூன்றும் சேர்ந்து 60, 73 அல்ல. பழக்கங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருக்கின்றன என்ற அனுமானத்தில் இது நிற்கிறது. மதுக்கடை வாசலில் பீடியும் பாக்கும் சேர்ந்தே கைக்கு வருகிற ஊர் நம்முடையது, அதனால் அந்த அனுமானத்தைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

முழுதாக ஒழியாது, பாதியாகக் குறைந்தால்?

புகையிலை ஒரே நாளில் காணாமல் போகாது. 10 சதவீதம் 5 ஆனால் என்ன ஆகும் என்பதே ஆட்சியரிடம் கொண்டுபோகத் தகுந்த கேள்வி. முதல் கணக்கின்படி 0.67 பாதியாகி 0.335. வித்தியாசம் 0.335-ஐ 1.67-ஆல் வகுத்தால் 20. ஆக 100 வாய்ப்புற்றில் 20. ஆனால் அடுத்த வருடமே 20 குறையாது. விட்டவரின் ஆபத்து வருடா வருடம் படிப்படியாகத்தான் இறங்கும். “இத்தனை பேரைக் காப்பாற்றலாம்” என்று எழுதினால், எந்த வருடத்துக்குள் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.

கருப்பைவாய்ப் புற்றுக்கு இந்த வழி ஓடாது

இங்கே காரணம் எச்.பி.வி. எனப்படும் மனித பாப்பிலோமா வைரஸ். நடைமுறையில் ஏறக்குறைய எல்லா கருப்பைவாய்ப் புற்றுக்கும் அதுதான் அடி. லெவின் சூத்திரத்தில் போட்டால் 100-க்கு மிக அருகில் வரும், அதனால் எந்தப் பயனும் இல்லை. கேட்க வேண்டியது, நம் கையில் இருக்கும் கருவி எத்தனையைத் தடுக்கும் என்பது.

தடுப்பூசி குறிவைக்கும் 16, 18 ஆகிய இரண்டு வகை வைரஸ்களும் உலக அளவில் சுமார் 70 சதவீத கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணம். 100 பெண்பிள்ளைகளில் 80 பேருக்குப் போட்டால், 100 கருப்பைவாய்ப் புற்றில் 100 × 0.70 × 0.80 = 56 வராது. ஆனால் அது இன்று 9 முதல் 14 வயதில் இருக்கும் பிள்ளைகள் நடுவயதைத் தொடும்போது கிடைக்கும் பலன். அவர்களுடைய அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் பரிசோதனைதான் வழி. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனையை ஒரே ஒரு தடவை செய்தார்கள். நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன என்று 2007-ல் முடிவு வந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்திலேயே செய்து பார்த்த எண் இருக்கும்போது வெளிநாட்டு எண்ணைத் தேடிப் போக வேண்டாம். நம் மாவட்டத்தில் எத்தனை பேர் பரிசோதனைக்கு வந்தார்கள் என்பதைக் கண்டுபிடித்து இதோடு பொருத்துங்கள்.

பருமனுக்குப் போடும்போது ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேர் அதிக எடை என்று 2019-21 ஆய்வு சொல்வது 15 முதல் 49 வயதுக்கு. பருமன் மார்பகப் புற்று ஆபத்தைக் கூட்டுவது மாதவிடாய் நின்ற பிறகு. வயது பொருந்தாத இரண்டு எண்ணைப் பெருக்கினால் வருவது விடை ஆகாது.

வயலில் அடிக்கும் மருந்து

டெல்டாவில் இதைப் பேசாமல் புற்றுநோயைப் பேச முடியாது. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் எழுந்து நிற்கும் முதல் விவசாயி “எல்லாம் இந்த மருந்தடிக்கிறதாலதான்” என்பார். அவர் கவலை நியாயமானது. முகத்துக்குத் துணி கூடக் கட்டாமல் முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு காற்றுக்கு எதிராக நடந்த ஆட்களை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.

லியோன் முகமை 2015-ல் லிண்டேனை முதல் வகுப்பிலும், மாலத்தியான், கிளைபோசேட் இரண்டையும் ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்’ என்ற வகுப்பிலும் வைத்தது. இங்கே புதியவர்கள் வழுக்குவார்கள். வகுப்பு சொல்வது சாட்சியம் எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. முதல் வகுப்பில் இருப்பதாலேயே ஒரு பொருள் புகையிலை அளவுக்கு ஆட்களைக் கொல்லும் என்று பொருளில்லை.

கணக்கில் எப்படி வைப்பது? உதாரணத்துக்கு, ஊரில் பாதிப் பேர் மருந்தோடு புழங்குகிறார்கள், ஒரு குறிப்பிட்ட புற்றுக்கு மடங்கு 1.2 என்று வையுங்கள். 0.10 ÷ 1.10, அதாவது 9 சதவீதம். மடங்கு சின்னதாக இருந்தாலும் ஊரே புழங்கினால் பங்கு சின்னதல்ல. ஆனால் அந்த 1.2-ன் எல்லைகள் 0.9 முதல் 1.5 வரை என்று ஆய்வு சொன்னால், விடை ஒன்றுமில்லை என்பதிலிருந்து 20 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். வாய்ப்புற்றில் புகையிலைக்கு அப்படி இல்லை, கீழ் எல்லையை எடுத்தாலும் பங்கு பெரியதாகவே நிற்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் ஒரே தடித்த எழுத்தில் போடாதீர்கள். மருந்தடிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் வேண்டும் என்று கேட்க இந்தச் சதவீதம் தேவையில்லை. உடனடி நஞ்சேறுதலே போதுமான காரணம்.

எழுதும்போது

ஒற்றை எண்ணை எழுதாதீர்கள், கீழ் எல்லை மேல் எல்லை இரண்டையும் எழுதுங்கள். பழக்கத்தின் ‘ப’-வை நாலு விதமாக மாற்றிப் போட்ட தாளைக் கூடவே இணையுங்கள். வாசகம் இப்படி இருக்கட்டும்: “தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் இன்ன வருடம் பதிவான வாய்ப்புற்றுகளில், வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கம் இல்லாதிருந்தால் 100-க்கு இத்தனை முதல் இத்தனை வரை வந்திருக்காது. பழக்கத்தின் அளவு இன்ன ஆய்விலிருந்து, மடங்கு இன்ன தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டது.” ‘புற்றுநோயில் 40 சதவீதம் மக்களின் தவறு’ என்று தலைப்பு வைக்க யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். இடுப்பு வலி தெரியாமல் நாற்று நட ஒரு கூலிக்காரிக்குக் கிடைத்த ஒரே மலிவான பொருள் அது. கணக்கு அவரைக் குற்றவாளி ஆக்குவதில்லை.

உங்கள் அறிக்கையைப் படித்துவிட்டு ஒரு பெண் வந்து, “எங்கம்மாவுக்கு வந்தது வெத்தலையாலதானாங்க?” என்று கேட்பார். எனக்கு நடந்திருக்கிறது. அப்போது 40 சதவீதம் என்று சொல்லாதீர்கள், அது அவர் அம்மாவைப் பற்றிய எண் அல்ல. “நீங்களும் போடுவீங்களா?” என்று கேளுங்கள். ஆம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாயைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, காரம் பட்டால் எரிச்சல், மூன்று விரல் நுழையாதபடி வாய் குறுகுவது இவற்றைச் சொல்லிக்கொடுங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு இப்படி வாயைப் பார்த்து வந்தபோது, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப்புற்று மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கேட்க வந்த பெண்ணிடம் டார்ச் லைட்டும் கண்ணாடியும் இருந்தால் வீட்டிலேயே கன்னத்தை விரலால் விலக்கி, புகையிலையை வைக்கும் பக்கத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.